வீரராகவன்: எவ்வுளூர் தந்த பெயர்

சென்னை–அரக்கோணம் புறநகர் ரயில் பாதையில் திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டை ரோட்டுக்கும் நடுவில் இருக்கிறது வேப்பம்பட்டு. ஆண்பிள்ளைகளின் பெயர்களைப் பற்றி யோசிக்க இதைவிட வசதியான ஊர் குறைவு. கிழக்கே ஒரு நிலையம் தள்ளிப் பக்தவத்சலம் இருக்கிறார். மேற்கே மூன்று நிலையம் தள்ளி வீரராகவன். முன்னவர் திருநின்றவூரில் நிற்கிறார், பின்னவர் திருவள்ளூரில் படுத்திருக்கிறார். இந்த இரண்டு பெருமாள்களின் பெயரையும் தொண்டை மண்டலத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் பிள்ளைகளுக்கு வைத்து வந்தன. இன்று ஒரு தொடக்கப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் இவற்றில் ஒன்று அகப்பட்டாலே அதிசயம்தான்.

இந்தக் கட்டுரை வீரராகவனைப் பற்றியது. ஆனால் அந்தப் பெயரைத் தனியாகப் பிய்த்தெடுத்துப் பேச முடியாது. அது விளைந்த மண்ணில் அதைப் போலவே ஊரோடு பிறந்த பெயர்கள் வரிசையாக நிற்கின்றன.

ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட பாதைதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை. வேப்பம்பட்டும் திருவள்ளூரும் அந்தத் தடத்தில்தான் இருக்கின்றன. சென்னையிலிருந்து புறப்பட்டால் ஆவடிக்கு முன்பே திருமுல்லைவாயில் வரும். அங்குள்ள இறைவன் மாசிலாமணீஸ்வரர். மாசிலாமணி என்ற பெயர் அங்கிருந்தும், அதே திருநாமம் கொண்ட தரங்கம்பாடி, திருவாவடுதுறைக் கோயில்களிலிருந்தும் புழக்கத்துக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், சிவன் கோயில் தந்த இந்தப் பெயர் பிற்காலத்தில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் வெகுவாக ஊன்றிவிட்டது. குறையற்ற மணி என்று பொருள்படும் பெயரைத் துறக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை போலும். ஆவடி தாண்டினால் பட்டாபிராம். முடிசூடிய ராமனின் பெயரே ஊரின் பெயர். அடுத்துத் திருநின்றவூர். அரக்கோணத்தையும் தாண்டினால் திருத்தணி. அது தணிகாசலங்களையும் தணிகைவேல்களையும் தந்த ஊர். இந்தத் தடத்தை விட்டு விலகினால் பொன்னேரியில் கரிகிருஷ்ணப் பெருமாள் இருக்கிறார். கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் கரிகிருஷ்ணன் என்று ஒரு பெரியவரைச் சந்தித்தால் அவருடைய பூர்வீகத்தை விசாரிக்க வேண்டியதில்லை.

எல்லாக் கோயிலும் பெயர் தந்துவிடுவதில்லை. மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி, காஞ்சியில் கற்றளி கட்டிய அரசனின் குடமுழுக்கு நாளையே தள்ளிப்போட வைத்த பூசலார் நாயனார் திருநின்றவூர்க்காரர். சேக்கிழார் அவர் கதையை அவ்வளவு அழகாகச் சொல்லியும் பிள்ளைக்குப் பூசலார் என்று பெயர் வைக்க எவரும் துணியவில்லை. வீட்டில் பூசல் வந்துவிடும் என்ற பயமோ என்னவோ! திருவாலங்காட்டு வடாரண்யேஸ்வரர் பெயர் பிள்ளைகளுக்கு நீளம். சுந்தரருக்கு ஊன்றுகோல் கொடுத்த பூண்டி ஊன்றீஸ்வரர் பெயரும் தொட்டிலுக்கு வரவில்லை. பக்தர்கள் வாயில் புழங்கும் பெயர் வேறு, தொட்டிலில் போடத் தோதான பெயர் வேறு.

திருவள்ளூருக்கு ஒரு நிலையம் முன்னால் புட்லூர். அங்கே பூங்காவனத்தம்மன், நிறைசூலியாகப் படுத்த கோலத்தில் புற்றுருவமாக இருக்கிறாள். பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் கூட்டம் அங்கே ஓய்வதே இல்லை. பூங்காவனம் என்ற பெயரை வடதமிழ்நாட்டில் ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். புட்லூரில் வரம் கேட்டுவிட்டு அடுத்த நிலையத்தில் இறங்கினால் பெயர் தயாராக இருக்கிறது. படுத்த அம்மனுக்கு அடுத்து, படுத்த பெருமாள்.

திருவள்ளூரின் பழைய பெயர் திருஎவ்வுள். தலபுராணம் இப்படிப் போகிறது: சாலிஹோத்திரர் என்ற முனிவர் ஓராண்டு உண்ணாமல் தவமிருந்து, முடிவில் அரிசி மாவு படைத்து, விருந்தாளிக்காகக் காத்திருக்கிறார். ஒரு முதியவர் வருகிறார். அவருக்கான பங்கைச் சாப்பிட்டுவிட்டு முனிவரின் பங்கையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். அப்புறம் களைப்பாக இருக்கிறது, எவ்வுள்ளில், அதாவது எந்த அறையில், படுப்பது என்று கேட்கிறார். முனிவர் தம் குடிசையைக் காட்ட, படுத்தவர் பெருமாளாகிவிடுகிறார். இன்றும் மூலவரின் வலக்கை சாலிஹோத்திரரின் தலைமேல் இருக்கிறது.

திருமழிசையாழ்வார் பிறந்த திருமழிசை வேப்பம்பட்டுக்குத் தெற்கே, இதே மாவட்டத்தில். அவர் நான்முகன் திருவந்தாதியில் பெருமாள் பள்ளிகொண்ட தலங்களை அடுக்கும்போது எவ்வுளையும் சேர்க்கிறார். திருமங்கையாழ்வார் இந்த ஊருக்கென்றே ஒரு பதிகம் பாடினார். அதன் முதல் பாட்டிலேயே, இங்கே கிடக்கிறவன்தான் ராவணனின் ஊரை அழித்தவன் என்று உரிமையோடு இணைத்துவிடுகிறார். என் பார்வையில் இந்தப் பெயரின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. வில்லேந்தி நிற்கும் ராமனுக்கு வீரராகவன் என்று பெயர் இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் பாம்பணையில் நீட்டிப் படுத்திருக்கிறவருக்கு அந்தப் பெயர் வாய்த்ததுதான் சுவை. ஆழ்வார் பாட்டில் போர்க்கதையும் உறக்கக் கோலமும் ஒரே செய்யுளுக்குள் வந்து சேர்ந்த பிறகு, பெயர் பொருத்தமா என்று எவரும் கேட்கவில்லை.

மக்கள் அவருக்கு இன்னொரு பட்டமும் கொடுத்திருக்கிறார்கள்: வைத்திய வீரராகவன். நோய் தீர வேண்டி மூன்று அமாவாசை வந்து சேவிப்பது வழக்கம். ஹிருத்தாபநாசினி என்ற குளத்தில் வெல்லத்தைக் கரைப்பார்கள். வெல்லம் கரைவதுபோல் மருவும் கட்டியும் கரையும் என்பது நம்பிக்கை. தை அமாவாசையன்று ஊரே திணறும். சிவன் கோயிலென்றால் வைத்தீஸ்வரன் கோயில் என்று காவிரிக் கரைக்குப் போகும் வேண்டுதல், பெருமாள் கோயிலென்றால் இங்கே வருகிறது. அங்கிருந்து வைத்தியநாதன் என்ற பெயர் கிளைத்ததுபோல் இங்கிருந்து வீரராகவன் கிளைத்தது.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. சாலிஹோத்திரர் என்ற பெயர் வடமொழி மருத்துவ மரபிலும் உண்டு. குதிரை வைத்தியத்தின் ஆதி ஆசிரியராக அவரைச் சொல்வார்கள்; சாலிஹோத்திர சம்ஹிதை அவர் பெயரால் வழங்குவது. இந்துஸ்தானியில் குதிரை வைத்தியருக்கு ‘சலோத்ரி’ என்ற பெயரே அவரிடமிருந்து வந்ததுதான். பிரிட்டிஷ் கால ராணுவத்தின் குதிரைப் படைகளில் சலோத்ரிகள் வேலை பார்த்தார்கள். எவ்வுள் முனிவரும் குதிரை வைத்தியரும் ஒருவரேயா என்ற கேள்விக்குத் தலபுராணம் பிடி கொடுப்பதில்லை. ஆனாலும் வைத்தியர் என்று பேர் வாங்கிய பெருமாளின் கை, வைத்திய நூலாசிரியரின் பெயர் கொண்டவர் தலைமேல் இருப்பதை ஒதுக்கிவிட்டுப் போக மனம் வரவில்லை.

பெயரைப் பிரித்துப் பார்த்தால் ‘வீர’ என்ற முன்னொட்டு அரசர்களின் சொத்து. சோழரில் வீரராஜேந்திரன், பாண்டியரில் பல வீரபாண்டியர்கள், ஹொய்சளரில் வீரவல்லாளர்கள். கேரளத்திலும் ஒரு வீரராகவன் உண்டு. வீரராகவச் சக்கரவர்த்தி என்ற அரசர், இரவி கொற்றன் என்ற கொடுங்கல்லூர் வணிகருக்கு மணிக்கிராமம் என்ற வணிகக் குழுப் பட்டமும் வணிக உரிமைகளும் கொடுத்த செப்பேடு கோட்டயத்துச் சிரியன் செமினாரியில் பாதுகாக்கப்படுகிறது. அதன் காலத்தைப் பெரும்பாலோர் 1225 என்கிறார்கள். இரவி கொற்றன் கிறிஸ்தவ வணிகராகக் கருதப்படுகிறவர். இந்த அரசருக்கும் திருவள்ளூர்ப் பெருமாளுக்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்ல ஆதாரம் எதுவும் கிடையாது. ஒரே பெயர் மலைக்கு அந்தப் பக்கம் அரியணையிலும் இந்தப் பக்கம் பாம்பணையிலும் இருந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

‘ராகவன்’ என்ற பின்பாதிக்குத் தொண்டை மண்டலத்தில் பெரிய குடும்பமே உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் சாலையில், பாலுசெட்டிச் சத்திரத்துக்கு அருகே திருப்புட்குழி. அங்கே விஜயராகவப் பெருமாள். ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்பது தலபுராணம். தாயார் மரகதவல்லிக்கு ஒரு விசேஷம்: பிள்ளை வேண்டும் பெண்கள் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு இரவு தங்குவார்கள், காலையில் பயறு முளை விட்டிருந்தால் வரம் கிடைத்ததாகக் கொள்வார்கள். அப்படிப் பிறந்த பிள்ளைக்கு விஜயராகவன் என்று வைக்காமல் வேறு என்ன வைப்பார்கள்?

அந்தப் பெயர் கணிதத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. தென்னாற்காட்டில் 1902இல் பிறந்த விஜயராகவன் ஆக்ஸ்ஃபோர்டில் ஜி. எச். ஹார்டியிடம் பயின்றவர். அவர் ஆராய்ந்த ஒரு வகை எண்களை இன்று உலகம் பிசோ–விஜயராகவன் எண்கள் என்கிறது. அடுக்கு ஏற ஏற, இந்த எண்கள் முழு எண்களை நெருங்கிக்கொண்டே போகும். பொன்விகிதம் இவற்றில் ஒன்று. பிரெஞ்சுக்காரரான ஷார்ல் பிசோவின் பெயரோடு காஞ்சிப் பக்கத்துப் பெருமாளின் பெயர் கோடு போட்டு இணைந்திருப்பதைக் கணித மாணவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கிரிக்கெட்டிலும் ஒரு ராகவன் உண்டு. 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய வேங்கடராகவனை வெளிநாட்டு வர்ணனையாளர்கள் ‘வெங்கட்’ என்று சுருக்கிவிட்டார்கள். வேங்கட மலை மட்டும் மிஞ்சியது, ராகவன் போய்விட்டான்.

இனி மனிதர்களாகிய வீரராகவர்கள். இவர்களில் என்னை மிகவும் ஈர்ப்பவர் அந்தகக்கவி வீரராகவ முதலியார். 17ஆம் நூற்றாண்டுக்காரர், செங்கல்பட்டுப் பக்கம் பொன்விளைந்த களத்தூரோடு சேர்த்துச் சொல்லப்படுபவர். பிறவியிலேயே பார்வை இல்லை. முதுகில் எழுத்தை எழுதச் சொல்லி உணர்ந்து கற்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஈழத்துக்குப் போய்ப் பரராசசேகரன் அவையில் பாடிப் பரிசில் பெற்றதாகவும் சொல்வார்கள். அவர் பாடியவற்றைப் பாருங்கள்: சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ், திருக்கழுக்குன்றப் புராணம், திருவாரூர் உலா. எல்லாம் முருகனும் சிவனும். சைவப் புலவர், பெயர் மட்டும் வைணவப் பெருமாளுடையது.

இது முரண்பாடு போலத் தோன்றும். தொண்டை மண்டலத்து வேளாளக் குடும்பங்களைத் தெரிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. அங்கே ஒரே வீட்டில் அண்ணன் ஏகாம்பரம், தம்பி வரதராஜன். பெயர் வைக்கிறவர்கள் சமயக் கட்சி பார்த்து வைக்கவில்லை; நம் பக்கத்துச் சாமி யார் என்று பார்த்து வைத்தார்கள். சமயம் பார்த்தவர்கள் மடங்களில் இருந்தார்கள். தொட்டில் கட்டியவர்கள் ஊர் பார்த்தார்கள். வீரராகவன் என்ற பெயரை ஒரு சமயத்தின் அடையாளமாக மட்டும் படித்தால் அந்தகக்கவியை விளக்க முடியாது. ஓர் ஊரின், ஒரு மண்டலத்தின் அடையாளமாகப் படித்தால் எளிதாக விளங்கிவிடும்.

வள்ளலாரையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம். கந்தகோட்டத்தையும் திருத்தணியையும் திருவொற்றியூரையும் உருகி உருகிப் பாடிய ராமலிங்க அடிகள், எவ்வுளூர் வீரராகவர்மீது போற்றிப் பஞ்சகம் ஒன்றும் பாடியிருக்கிறார். ஐந்தே பாட்டு. முருகனடியார் ஒருவர் பெருமாளிடம் என்ன வேண்டிப் போனார் என்று வியப்பவர்கள் அந்தக் கோயிலின் அமாவாசைக் கூட்டத்தை ஒருமுறை பார்த்தால் போதும். வைத்தியரிடம் போகிறவர்கள் அவர் நெற்றியில் இருப்பது நாமமா நீறா என்று பார்ப்பதில்லை.

வைணவ ஆசாரியர்களிடையே இந்தப் பெயர் புழங்கியதில் வியப்பில்லை. பாகவதத்துக்குப் பாகவத சந்திரிகை என்ற வியாக்கியானம் எழுதியவர் வீரராகவாசாரியர். 20ஆம் நூற்றாண்டில் விசிஷ்டாத்வைத நூல்களுக்கு உரையெழுதிய உத்தமூர் வீரராகவாசாரியார் புலமை உலகம் நன்றாக அறிந்தவர். திருவள்ளூர்க் கோயில் நிர்வாகம் அஹோபில மடத்திடம் இருப்பதும் இந்தத் தொடர்ச்சிக்குத் துணை.

வெளியுலகம் அதிகம் அறிய வேண்டியும் அறியாமல் விட்ட வீரராகவர் ஒருவர் உண்டு. 1878இல் டி. முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அதைத் தாக்கி எழுதின. அதற்குப் பதில் சொல்லத் திருவல்லிக்கேணி இளைஞர்கள் ஆறு பேர் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாவைக் கடன் வாங்கி, செப்டம்பர் 20 அன்று 80 படிகள் அச்சிட்டு வெளியிட்ட வாரப் பத்திரிகைதான் ‘தி ஹிந்து’. அந்த அறுவரில் ஜி. சுப்பிரமணிய ஐயரை எல்லோருக்கும் தெரியும். அவரோடு தோள் கொடுத்து நிர்வாகத்தைச் சுமந்தவர் மு. வீரராகவாச்சாரியார். 1898இல் சுப்பிரமணிய ஐயர் விலகிய பிறகும் பத்திரிகையைத் தனியாக இழுத்துப் பிடித்து ஓட்டி, 1905இல் கஸ்தூரி ரங்க ஐயங்காரிடம் ஒப்படைத்தார். மறு ஆண்டே இறந்துபோனார். எழுதியவருக்குப் புகழ், கணக்குப் பார்த்தவருக்கு ஒரு வரி என்பது பத்திரிகை உலகத்தின் பழைய வழக்கம்.

திருவள்ளூர் மாவட்டத்தின் பேச்சில் தெலுங்கு கலந்திருப்பது போலவே இந்தப் பெயரிலும் கலந்திருக்கிறது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரித்துத் திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல். கோடு எங்கே விழுந்தாலும் பெயர் இரண்டு பக்கமும் இருந்தது: இந்தப் பக்கம் வீரராகவன், அந்தப் பக்கம் வீரராகவுலு, வீரராகவ ரெட்டி. 2018இல் திரிவிக்ரம் ஸ்ரீநிவாஸ் எடுத்த தெலுங்குப் படத்தின் பெயரே ‘அரவிந்த சமேத வீர ராகவ’. ஜூனியர் என்.டி.ஆர். அதில் ராயலசீமையின் வம்சப் பகைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட வீரராகவ ரெட்டி.

சரி, பெயர் ஏன் அருகியது?

தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கமாக இருந்தவரை, வீரராகவன் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டே இருந்தான். ஆனால் அந்த வழக்கத்துக்குள்ளேயே ஒரு சிக்கலும் இருந்தது. மருமகள் மாமனாரின் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. தான் பெற்ற பிள்ளைக்கே அந்தப் பெயர் இருந்தால் அவள் என்ன செய்வாள்? பாபு, கண்ணன், ராஜா என்று வேறொரு பெயரால் கூப்பிடுவாள். ஊரே அதைப் பிடித்துக்கொள்ளும். வீரராகவன் பள்ளிச் சான்றிதழிலும் கல்யாணப் பத்திரிகையிலும் மட்டும் வசிப்பான். வாயில் புழங்காத பெயர் இப்படிக் காகிதத்தில் ஒடுங்கிய பிறகு, தாத்தா பெயர் வைக்கும் வழக்கம் தளர்ந்தபோது அதற்காக வாதாட வீட்டில் ஆள் இல்லை.

எழுத்துச் சங்கடமும் உண்டு. தமிழில் ஆறே எழுத்து, ஆங்கிலத்தில் 13. ‘ர’வும் ‘ரா’வும் அடுத்தடுத்து வருவதால் பேச்சில் ஒன்று உதிர்ந்து ‘வீராகவன்’ ஆகிவிடும். அவசரத்தில் எழுதுகிறவர்களும் அப்படியே எழுதிவிடுவார்கள். ஆங்கிலத்தில் ‘வீ’க்கு எத்தனை எழுத்து, ‘க’வோடு ‘எச்’ சேருமா, நடுவில் இடைவெளி உண்டா என்று ஆதாரில் ஒரு விதம், வங்கிப் புத்தகத்தில் ஒரு விதம், மதிப்பெண் பட்டியலில் ஒரு விதம். இந்த மூன்றையும் ஒன்றாக்க அலைந்த ஒருவர் தன் மகனுக்கு நான்கெழுத்துப் பெயர் தேடுவதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அடுத்தது தமிழ்ப் பெயர் இயக்கம். நாராயணசாமி நெடுஞ்செழியனானார், ராமையா அன்பழகனானார். அந்த அலைக்கு முன்னோடியாக 1916இல் வேதாசலம் மறைமலையானார். மறைமலையடிகள் நாகப்பட்டினத்தில் பிறந்தவர். ஆனால் பிள்ளை வரம் வேண்டித் திருக்கழுக்குன்றத்து இறைவனை வழிபட்ட பெற்றோர் அந்த மலையின் பெயரையே வைத்தார்கள் என்பது அவர் வரலாற்றில் வரும் செய்தி. அவர் வடமொழியை நீக்கினார், மலையை நீக்கவில்லை. தனித்தமிழின் தந்தை பெயரிலேயே தொண்டை மண்டலத்துத் தலம் ஒன்று கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது. இதை ஊர்ப்பெயரின் பிடிவாதம் என்றுதான் சொல்ல வேண்டும். அதன் பிறகு வந்தவர்கள் அந்தப் பிடியையும் தளர்த்திவிட்டார்கள். செழியன், மாறன், அன்பரசன் ஆகியோர் எந்த ஊர்க்காரர்களாகவும் இருக்கலாம்.

இப்போதைய பெயர்கள் அந்தப் பாதையில் இன்னும் தூரம் போய்விட்டன. ராகவன் ‘அன்’ விகுதியை உதிர்த்து ராகவ் ஆகிவிட்டான். வீரன் ‘வீர்’ ஆனான். ராகவ் என்ற பையன் டெல்லியிலும் பிறக்கலாம், வேப்பம்பட்டிலும் பிறக்கலாம். அது அந்தப் பெயருக்கு நன்மையும்கூட. அம்பத்தூர், ஆவடி, காக்களூர், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைகளில் வேலை கிடைத்து, வயல்கள் மனைகளாக மாறிய இந்த வட்டாரத்தில் இடம் வாங்கிக் குடியேறியவர்கள் பல மாவட்டத்துக்காரர்கள். சொந்த வீடு அமைய வேண்டும் என்று ஆறு செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகனைத் தேடிப் போய், வேப்பம்பட்டில் மனை வாங்கி, வீடு கட்டி முடித்தவருக்கு, பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது திருவள்ளூர்ப் பெருமாள் நினைவுக்கு வர வேண்டிய கட்டாயம் இல்லை. அவருக்கு நெல்லையப்பன் இருக்கிறார், இல்லை அய்யனார் இருக்கிறார். அவர்களையும் அவர் ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். ஓர் ஊர்ப்பெயர் செழிக்க, பிள்ளையைப் பெற்ற ஊரும் பெயர் வைக்கும் ஊரும் சுடுகாட்டு ஊரும் ஒன்றாக இருக்க வேண்டும். புறநகர் வாழ்க்கையில் அது அமைவதில்லை.

இது நமக்கு மட்டுமே நேர்ந்தது அல்ல. இத்தாலியில் ஜென்னாரோ என்ற ஆண்பெயரைக் கேட்டதுமே நேப்பிள்ஸ் என்பார்கள். அந்நகரின் காவல் புனிதர் ஜென்னாரோ. குப்பியில் உறைந்திருக்கும் அவருடைய குருதி ஆண்டுக்கு மூன்று முறை இளகுவதைக் காணக் கூட்டம் கூடும். செப்டம்பர் 19 திருவிழா. பஞ்சம் பிழைக்கக் கப்பல் ஏறிய நேப்பிள்ஸ்காரர்கள் அந்தத் திருவிழாவை நியூயார்க்குக்குக் கொண்டுபோய் 1926 முதல் அங்கே கொண்டாடுகிறார்கள். ‘கொமோரா’ என்ற புகழ்பெற்ற இத்தாலியத் தொலைக்காட்சித் தொடர் நேப்பிள்ஸ் நிழலுலகத்து வாரிசுக்குப் பெயர் தேடியபோது ஜென்னாரோவைத்தான் எடுத்தது. பேர் சொன்னதும் ஊர் தெரிய வேண்டும் என்ற கணக்கு அது.

தமிழ் சினிமாவின் கணக்கு வேறு. 2022 ஏப்ரல் 13 அன்று வெளியான நெல்சனின் ‘பீஸ்ட்’ படத்தில் விஜய் ஏற்ற உளவுத்துறை அதிகாரியின் பெயர் வீரராகவன். வணிக வளாகம் ஒன்றைப் பயங்கரவாதிகள் பிடித்துக்கொள்ள, உள்ளே சிக்கிய ஒற்றை ஆள் எல்லோரையும் சாய்க்கிறார். கூடவே நடித்த இயக்குநரின் பெயர் செல்வராகவன் என்பது தற்செயல். தாத்தாக்களின் பெயர் என்று ஒதுக்கிய ஒன்று நட்சத்திர நாயகனுக்கு வந்தது எப்படி? பழகிய பெயர்கள் தேய்ந்துபோகும்போது, கேட்க வித்தியாசமாகவும் கனமாகவும் இருக்க வேண்டும் என்று தேடுகிறவர்களுக்குப் பரணில் கிடக்கும் பெயர்கள்தான் கைகொடுக்கும். ‘வேட்டையாடு விளையாடு’வில் கமல் ஏற்ற காவல் அதிகாரி ராகவனும் அந்த ரகம். ஆனால் ‘பீஸ்ட்’டில் வரும் வீரராகவனுக்கு ஊர் கிடையாது. அவர் திருவள்ளூர்க்காரர் என்று படம் எங்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. ‘வீர’ என்ற முதல் பாதிக்காக எடுத்த பெயர் அது.

படத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வைப்பது பெருகியதாகத் தெரியவில்லை. ரசிகர்கள் நடிகரின் பெயரை வைப்பார்கள், பாத்திரத்தின் பெயரை வைப்பது குறைவு.

பெயர் உண்மையில் பிழைத்திருப்பது வேறொரு வழியில். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தந்தை பெயரின் முதலெழுத்துதான். வீரராகவன்களின் மகன்களும் மகள்களும் தங்கள் பெயருக்கு முன்னால் ‘வீ.’ போட்டுக்கொண்டார்கள். பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது அந்த ஒற்றை எழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள். விரிந்த பெயர் அமெரிக்காவில் குடும்பப் பெயராக உட்கார்ந்துகொண்டது. இன்று ஆராய்ச்சிக் கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையில் வீரராகவன் அடிக்கடி கண்ணில் படுவது இப்படித்தான், கடைசிப் பெயராக. வில்லை இல்லாத கேமராக்களை உருவாக்கும் ஆய்வுக்காக அறியப்பட்ட ரைஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் அசோக் வீரராகவன் ஓர் உதாரணம். குடும்பப் பெயராகிவிட்டால் ஆண், பெண் வேறுபாடும் போய்விடுகிறது. திருவள்ளூரில் ஆண்பிள்ளைக்கு மட்டுமே வைத்த பெயரை, அமெரிக்காவில் பள்ளி போகும் பெண்பிள்ளைகளும் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.